தொலைந்தபுரம் சந்திப்பு: ஒரு எஞ்சின் விலைக்குள் ஒரு ரயில் ஊர்

கடையில் புதிதாக வாங்கும் ஒரு நல்ல நீராவி எஞ்சின் மாடல் என்ன விலையோ, அந்தப் பணத்துக்குள் ஒரு ஊரையே கட்டி ரயில் விட வேண்டும். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. நான்கு மாதம் ஆனது, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகள். இப்போது 90 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலப் பலகையில் தொலைந்தபுரம் என்றொரு ஊர் இருக்கிறது. ரயில் ஓடுகிறது, பாயிண்ட்டில் நிற்காமல். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்குத்தான் பாதி உழைப்பு போனது. (ஒரு தண்டவாளப் பாதை இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட்.)

என்ன செய்தேன், எங்கே சொதப்பினேன், எதை மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். கையைக் கடிக்காமல் ஒரு லேஅவுட், அதாவது பலகையில் ஒரு மாடல் ரயில் ஊர், போட நினைப்பவர்களுக்கு என் தவறுகளாவது மிச்சமாகட்டும்.

ஊர் வந்த கதை

முதலில் போட்ட திட்டமே வேறு. ஒரு மலை ரயில், அச்சு அசலாக. நிஜத்தில் ஓடிய எஞ்சின், நிஜ நிலையம், நிஜப் பாலம். பொருள் பட்டியலைப் போட்டுக் கூட்டிப் பார்த்தால் கையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. நகலெடுப்பதில் உள்ள சிக்கல் இது: அந்த எஞ்சின் என்றால் அந்த எஞ்சின்தான் வேண்டும், அதற்குப் பொருத்தமான பெட்டிதான் வேண்டும். விலை பேச இடமே இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பட்டியலை மூடி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஒன்பது வயது அக்கா மகள் மேசைக்கு அடியில் தவழ்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பேனா மூடியாம்.

"மாமா, தொலைஞ்ச மூடியெல்லாம் எங்கதான் போகும்?"

பலகையில் பென்சிலால் வட்டம் போடும் கவனத்தில் இருந்தேன். "ரயில் ஏறிப் போயிடும்."

"எந்த ஊருக்கு?"

அப்புறம் அவள் விடவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்குப் பேர் வைத்தாகிவிட்டது, மேசை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தாகிவிட்டது. ஒற்றைப் பொத்தான்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், மூக்குக்கண்ணாடியிலிருந்து கழன்ற ஒரு சில்லு, தையல் விரலுறை, ஜோடி போன ஒரு தொங்கட்டான், பல் உதிர்ந்த சீப்பு, ஏழு பேனா மூடி. கட்டுமானப் பொருள் மொத்தமும் அந்தக் குவியலில் இருந்தது. உலகத்தில் தொலைந்துபோகிற சின்னச் சாமான்கள் எல்லாம் ஒரு குறுகிய பாதை ரயிலில் ஏறி இந்த ஊருக்கு வந்து, இங்கேயே வீடாகவும் விளக்குக் கம்பமாகவும் பிழைப்பு நடத்துகின்றன. ஊரின் ஸ்தல புராணம் அவ்வளவுதான்.

அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம். இந்த ஊரில் ஒரே ஒரு பொய்க்குத்தான் இடம். சாமான்கள் ரயிலேறி வரும், சரி. மற்றபடி கதவு கதவு உயரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வேண்டும், ரயில் ரயிலைப்போல மெதுவாகக் கிளம்ப வேண்டும். இரண்டாவது பொய் நுழைந்தால் குப்பைக் கூடையைக் கொட்டி வைத்ததுபோல் ஆகிவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் வந்ததல்ல. ரோலண்ட் எமெட் என்ற ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் கோணல் மாணலான ரயில்களை வரைந்து பேர் வாங்கியவர். 1951இல் நடந்த பிரிட்டன் விழாவின்போது லண்டன் பாட்டர்ஸீ பூங்காவில் அவர் வரைந்த ரயிலை நிஜமாகவே ஓட்டினார்கள், ஆட்களை ஏற்றிக்கொண்டு. நெல்லி, நெப்டியூன், வைல்ட் கூஸ் என்று எஞ்சின்களுக்குப் பேர். மேலே பார்த்தால் கனவில் வந்த வண்டி, உள்ளே இருந்ததோ ஒழுங்கான டீசல் மின் எஞ்சின். கலிபோர்னியாவில் ஜான் ஆலன் கட்டிய கோரி அண்ட் டிஃபீட்டட் லேஅவுட் அந்தக் காலத்தில் அசல்தன்மைக்கே உதாரணமாகப் பேசப்பட்டது. அந்த யார்டில் பெட்டி தள்ளியது ஒரு ஸ்டெகோசாரஸ். எம்மா என்று பேர். மற்ற எல்லாம் அவ்வளவு கறாராக இருந்ததால்தான் அந்த ஒரு டைனோசர் எடுபட்டது. 1973இல் ஆலன் காலமான சில நாட்களிலேயே அந்த லேஅவுட்டின் பெரும்பகுதி தீயில் போய்விட்டது. அதன் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகும்.

எந்த அளவு, எந்தப் பாதை

பழைய 'என்' (N) கேஜ் மாடல் ரயில் செட் ஒன்று கிடைத்தது, புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது. நாலு சக்கரக் குட்டி எஞ்சின், மூன்று பெட்டி, முட்டை வடிவத்துக்கான தண்டவாளம். எஞ்சினின் மேல்கூடு உடைந்திருந்தது, அதனால்தான் மலிவு. எனக்குக் கூடு தேவையே இல்லை என்பது விற்றவருக்குத் தெரியாது.

'என்' கேஜில் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். அதே தண்டவாளத்தின் மேல் 1:87 அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, இதற்கு ஹெச்.ஓ. என்று பேர்) கூடு கட்டி ஏற்றினால் அது குறுகிய பாதை ரயிலாகிவிடும். 9ஐ 87ஆல் பெருக்கினால் 783 மில்லிமீட்டர். நிஜ உலகில் 750, 760 மில்லிமீட்டர் பாதைகள் நிறைய உண்டு, கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இந்தக் கூட்டுக்கு ஹெச்.ஓ.ஈ. என்று பேர். சின்ன பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 'என்' கேஜின் மலிவான சக்கரப்பகுதியும் நெருக்கமான வளைவும் கிடைக்கின்றன, வீடுகளோ கையால் வேலை செய்யக்கூடிய பருமனில் இருக்கின்றன. 'என்' கேஜுக்கு உரிய 1:160இல் கதவு வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

வளைவின் ஆரம் 19.5 சென்டிமீட்டர். பெட்டியின் நீளம் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி ஆறரை சென்டிமீட்டர் வரை போகலாம், நான் ஆறோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் நேர்ப்பாதை சேர்த்தால் ஒரு சுற்று சுமார் 182 சென்டிமீட்டர்.

நிஜத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் ரயில் 1:87இல் நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் நகர வேண்டும். ஒரு சுற்றுக்கு 19 நொடி. செட்டோடு வந்த வேகக் கன்ட்ரோலரில் அது ஐந்து நொடியில் சுற்றிவந்தது. ரயில் மாதிரியே இல்லை, வாலில் நெருப்பு வைத்த எலி மாதிரி இருந்தது. மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பி.டபிள்யு.எம். வகைக் கன்ட்ரோலர் ஒன்றை மாற்றிய பிறகுதான் நடைக்கு வந்தது. அலங்காரத்துக்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்து இதற்குக் கொடுத்தேன். இன்னொரு தடவை செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

24 மில்லிமீட்டர் கதவு

தையல் விரலுறையைக் கவிழ்த்து வைத்தால் அது விரலுறைதான். ஒரு வாரம் அதை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்துப் பார்த்தேன், தொட்டியாக மாற மறுத்தது. கடைசியில் தீக்குச்சியில் நாலு கால் வைத்து, பக்கத்தில் ஒரு ஏணி சாத்தினேன். ஏணிப் படிகளுக்கு நடுவே மூன்றரை மில்லிமீட்டர், அதாவது நிஜத்தில் முப்பது சென்டிமீட்டர். தையல் நூலைப் பசையில் தோய்த்து இழுத்துக் காயவைத்து வெட்டிய படிகள். ஏணி நின்ற அந்த நிமிஷம் விரலுறை தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. சுற்றியிருந்த குழிகள்கூட ஆணியடித்த தகடுபோல் தெரிந்தன.

கண் அளவெடுப்பது பொருளை வைத்து அல்ல, பொருளின் மேல் மனிதன் கை வைக்கும் இடங்களை வைத்து என்று அப்போது புரிந்தது. கதவு, படி, கைப்பிடிக் கம்பி, ஏணி. 1:87இல் 2.1 மீட்டர்க் கதவு 24 மில்லிமீட்டர். ஒரு மீட்டர்க் கைப்பிடி பதினொன்றரை. ஆள் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. இந்த எண்களை ஓர் அட்டைத் துண்டில் கோடுகளாகப் போட்டு அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அந்த அட்டையோடு ஒத்துப்போகாத எதற்கும் ஊருக்குள் அனுமதி இல்லை.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. ஆறு சென்டிமீட்டர்ச் சாவி ஐந்து மீட்டர் சிக்னல் கம்பம் ஆனது, சாவியின் பல்தான் கை. பேனா மூடி புகைபோக்கி. ஒன்றரை சென்டிமீட்டர்ப் பொத்தான் நிலைய முகப்பில் வட்டச் சன்னல், நாலு துளையும் நாலு கண்ணாடி. மூக்குக்கண்ணாடிச் சில்லு குளம். அடியில் கரும்பச்சை பூசி, ஓரத்தில் மண் ஒட்டியதும் நிஜமாகவே ஆழம் தெரிந்தது. சீப்பு வேலி. தொங்கட்டான் நிலைய மணி. அது அடிக்கும்கூட.

எல்லாம் தனித்தனி நிறத்தில் பளபளத்ததால் முதலில் திருவிழாக் கடைபோல் இருந்தது. மூன்று நிறத்துக்கு மேல் கூடாது என்று வைத்து, எல்லாவற்றின் மேலும் தண்ணீராகக் கரைத்த பழுப்பு கலந்த கறுப்பை ஒரு முறை ஓடவிட்டேன். இடுக்குகளில் தங்கிய அந்த அழுக்கு எல்லாவற்றையும் ஓர் ஊர்க்காரர்கள் ஆக்கிவிட்டது.

வீட்டுச் சுவர்கள் அட்டைப்பெட்டி அட்டையும் காலண்டர் அட்டையும். மனித உருவங்கள் வாங்கவில்லை. இது சாமான்களின் ஊர், ஆள் எதற்கு? தலா ஒரு பொம்மைக்குக் கேட்கும் விலை தெரிந்தால் இந்த முடிவின் அருமை புரியும்.

ஏறாத மேடு, உருகிய மலை

ரயில் தன் பாதையைத் தானே மேலே கடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கீழே போகும் ரயிலின் கூடு இடிக்காமல் இருக்க ஆறு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற சாய்வில் ஆறு சென்டிமீட்டர் ஏற இரண்டு மீட்டர், இறங்க இன்னொரு இரண்டு மீட்டர். என் சுற்றே 182 சென்டிமீட்டர். இந்தக் கணக்கைத் தாளில் போட்டிருந்தால் இரண்டு நிமிஷம். நான் தெர்மோகோலைச் சீவிச் சீவி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து, செங்குத்தான மேட்டில் எஞ்சின் இருந்த இடத்திலேயே சக்கரம் சுற்றுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வளைவில் ஏறும்போது உராய்வு வேறு சேர்ந்துகொள்கிறது.

தீர்வு எளிது. பாதை சமதளத்திலேயே கிடக்கட்டும், நிலத்தை இறக்கு. தண்டவாளத்துக்கு அடியில் தெர்மோகோலைக் குடைந்து ஒரு பள்ளத்தாக்கு எடுத்தேன், மேலே ஐஸ் குச்சிப் பாலம். பார்ப்பவர்கள் ரயில் உயரத்தில் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். பின்பக்கம் ஒரு மலையை நிறுத்தி, சுற்றில் மூன்றில் ஒரு பங்கை அதற்குள் மறைத்துவிட்டதால் 182 சென்டிமீட்டர் என்பதும் தெரிவதில்லை.

அந்த மலையைச் சொல்ல வேண்டும். பொறுமை இல்லாமல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். தெர்மோகோலுக்கும் அந்த பெயின்ட்டில் உள்ள கரைப்பானுக்கும் ஆகாது. கண்ணெதிரே புஸ்ஸென்று இறங்கி, மலையின் நடுவில் கை நுழையும் அளவுக்குக் குழி விழுந்தது. "இது குகைடா கண்ணு, வேணும்னுதான் விட்டேன்" என்றேன். அக்கா மகள் குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, உருகிப்போச்சுன்னு சொல்லுங்க." மலையைக் கழற்றி எறிந்துவிட்டு, நனைத்த செய்தித்தாளையும் வெள்ளைப் பசையையும் வைத்துப் புதிதாகச் செய்தேன். இரண்டாவது மலை இன்னும் நன்றாக வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முதல் மலையின் வடிவம்தான் அழகு.

தரைக்கு மரத்தூள், சலித்த மண். மண்ணைத் தூவுவதற்கு முன் அதில் காந்தத்தை விட்டு இரண்டு முறை அலசினேன். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சினின் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு பசை, ஒரு பங்கு தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே உருளும், மண்ணுக்குள் இறங்காது.

தவளை

பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்கு ஃப்ராக் என்று பேர், தவளைதான். எஞ்சின் மின்சாரம் வாங்குவது தண்டவாளத்திலிருந்து, சக்கரம் வழியாக. மலிவான பாயிண்ட்களில் தவளை பிளாஸ்டிக், மின்சாரம் வராது. நாலு சக்கர எஞ்சினில் ஒரு தண்டவாளத்துக்கு இரண்டு சக்கரம்தான். ஒன்று தவளை மேல் இருக்கும்போது மின்சாரம் வாங்குவது மற்றொன்று மட்டுமே. அதன் கீழே தூசி ஒரு துளி இருந்தாலும் எஞ்சின் அப்படியே நின்றுவிடும். என்னுடையது நின்றது. பத்துக்கு ஏழு முறை நின்றது. விரலால் தட்டிவிட்டால் கிளம்பும், ஆனால் கடவுளின் விரல் வந்து தட்டும் ரயில் இரண்டாவது பொய் ஆயிற்றே.

தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன், 4பி பென்சிலால் மேற்பரப்பில் லேசாகத் தேய்த்தேன். பத்துக்கு நான்காகக் குறைந்தது. தவளைக்கும் மின்சாரம் வரும் பாயிண்ட் இரண்டு வாங்கலாம் என்று விசாரித்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை.

கடைசியில் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெட்டியை நிரந்தரமாகக் கோத்தேன். அதற்கு உலோகச் சக்கரம். ஒவ்வொரு சக்கரத்தின் முதுகிலும் உரசும்படி மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பி, அதிலிருந்து தலைமுடி பருமனில் இரண்டு வயர் எஞ்சினுக்குள். இப்போது மின்சாரம் வாங்குவது எட்டுச் சக்கரம். கம்பியை அழுத்தமாக வைத்தால் சக்கரம் உருளாமல் இழுபடுகிறது, தளர்வாக வைத்தால் தொடுவதில்லை. சாமணத்தால் வளைத்து வளைத்துப் பார்த்து, சக்கரம் ஊதினால் சுற்றும் அளவுக்குக் கொண்டுவர மூன்று சாயங்காலம் ஆனது. அன்றிலிருந்து தவளையில் நின்றதில்லை. மேலே அட்டைக் கூடு போட்டு, 'தேடல் அலுவலகம்' என்று எழுதியிருக்கிறோம். ஊரிலேயே எனக்குப் பிடித்த கட்டடம் இதுதான், அது ஊரில் நிற்பதும் இல்லை.

சத்தம் இன்னொரு தொல்லை. பலகை ஒரு பழைய உள்ளீடற்ற கதவின் துண்டு. லேசாக இருக்கும், வளையாது, ஆனால் தவில் மாதிரி அதிரும். தண்டவாளத்துக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் ஃபோம் போட்டும் குறையவில்லை. காரணம் தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணிகள், அவை ஃபோமைத் தாண்டிக் கதவில் இறங்கியிருந்தன. ஆணியைப் பிடுங்கிவிட்டு வெறும் பசையில் நிறுத்தியதும் சத்தம் பாதியாகிவிட்டது.

சுற்றுவது போதாது

வட்டமாகச் சுற்றும் ரயில் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும், குழந்தைக்கு ஐந்து. ஆலன் ரைட் என்பவரின் இங்கிள்நூக் என்ற பழைய ஷன்டிங் புதிர், அதாவது பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிர், இதற்குக் கைகொடுத்தது. அசலில் மூன்று சைடிங் (பெட்டிகளை நிறுத்திவைக்கும் கிளைப்பாதை), அவற்றில் ஐந்து, மூன்று, மூன்று பெட்டிக்கு இடம். எட்டுப் பெட்டியில் ஐந்தைச் சொன்ன வரிசையில் கோக்க வேண்டும், 6,720 வரிசை சாத்தியம். என் பலகைக்கு அதன் குட்டி வடிவம்: மூன்று, இரண்டு, இரண்டு. ஐந்து பெட்டியில் மூன்றைக் கோக்க வேண்டும், அறுபது வரிசை. இரண்டே பாயிண்ட்.

ஐந்து பெட்டியிலும் ஐந்து சாமான்: பொத்தான், அழிப்பான், ஊக்கு, கோலிக்குண்டு, பென்சில் துண்டு. ஐந்து சீட்டைக் கலைத்து மூன்றை எடுப்பாள், அந்த வரிசையில் ரயில் தொலைந்தபுரத்துக்கு வந்து சேர வேண்டும். வந்ததை நிலையப் பதிவேட்டில் எழுதுவாள், தேதியோடு. சில நாள் நாலு நகர்வில் முடியும், சில நாள் இருபது. அவள் என்னைவிட வேகம்.

கணக்கு

மொத்தச் செலவு நூறு பங்கு என்றால் பழைய செட்டுக்கு 45, இரண்டு பாயிண்ட்டுக்கு 20, கன்ட்ரோலருக்கு 10, உலோகச் சக்கரங்களுக்கு 8, பசை, வயர், ஈயம் 7, பெயின்ட் 6, வீணானது 4. ஆக, ரயில் ஓடுவதற்கே 80க்கு மேல். கண்ணுக்குத் தெரியும் ஊர் முழுவதும் மிச்சத்தில் அடங்கிவிட்டது. திட்டத்தில் அலங்காரத்துக்கு 30 ஒதுக்கியிருந்தேன். தொலைந்த சாமான்கள் வாடகை கேட்பதில்லை.

சரியாகாதவையும் உண்டு. மலைக்குள் ரயில் தடம் புரண்டால் எடுக்கக் கை நுழையாது, பின்பக்கம் ஒரு திறப்பு வைக்காதது சுத்த மடத்தனம். பாலத்துக்கு அருகே ஒரு தண்டவாள இணைப்பில் மின்சாரம் குறைகிறது. அங்கே வயரைப் பற்றவைக்க வேண்டும், ஆனால் அதற்கு மேல் குளம் இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டைக்கூரைகள் லேசாக நெளிகின்றன.

போன வாரம் எஞ்சின் கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது, இரண்டு மில்லிமீட்டர் திருகாணி ஒன்று துள்ளி எங்கேயோ போய்விட்டது. டார்ச் அடித்து, தரையெல்லாம் கையால் துழாவி, காந்தம் கட்டி இழுத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அக்கா மகள் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டு எழுதினாள்: "மாமாவின் திருகாணி. கிளம்பிவிட்டது. இன்னும் வந்து சேரவில்லை."